நல்ல சமாரியர் சோதனை

துன்பத்தில் கிடக்கும் அந்நியருக்கு உதவத் தூண்டுவது ஒருவரது குணமா, சூழலா என்பதை அறிய அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடத்தப்பட்ட சமூக உளவியல் களச்சோதனை. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகியோர் இதன் முடிவுகளை 1973-இல் வெளியிட்டனர்.

இறையியல் மாணவர்கள் 40 பேர் அடுத்த கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை ஆற்றப் பணிக்கப்பட்டனர். ஒரு சாராருக்குத் தலைப்பு, அடிபட்டுக் கிடந்தவருக்கு அந்நியர் ஒருவர் உதவியதைச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர் உவமை, மற்றவர்களுக்கு வேலைவாய்ப்பு. வழியில், ஒரு சந்தில் இருந்த கதவு வாசலில், ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகியபடி சரிந்து கிடந்தார். அவசரமில்லாமல் வந்தவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர். ஓரளவு அவசரப்படுத்தப்பட்டவர்களில் 45, நேரமாகிவிட்டது என விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. உவமையைப் பற்றிப் பேசச் சென்றவர்களிலேயே சிலர் அவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போயினர்.

மாணவரது சமயப் பற்றின் வகை, அவர் உதவுவாரா மாட்டாரா என்பதைக் கணிக்கவில்லை. உதவிய விதத்தில்தான் குணவேறுபாடு வெளிப்பட்டது: சமயத்தைத் தேடலாகக் கருதியோர் விழுந்துகிடந்தவரின் பேச்சுக்கு ஏற்ப நடந்தனர், வேறு சிலர் அவர் மறுத்தும் விடவில்லை.

விரைந்தவர்களை இரக்கமற்றவர்கள் எனக் கொள்வது தவறு. தங்களுக்காகக் காத்திருப்பவருக்கும் கீழே கிடப்பவருக்கும் இடையே அவர்கள் சிக்கியிருந்தனர். பங்கேற்றோர் தொகை சிறியது என்பது இச்சோதனையின் குறை. பிறர் துயரை உணரும் பரிவே தன்னலமற்ற உதவிக்கு ஊற்று என்னும் கருதுகோளைப் பேட்சன் பின்னர் முன்வைத்தார்.