நிறம் தாங்கிய நெஞ்சங்கள்

பண்டைத் தமிழர் போருக்குப் புறப்படுங்கால் பூச்சூடிச் சென்றனர் என்பதைப் புறத்திணை இலக்கணம் கற்றோர் அறிவர். ஆநிரை கவர்வோர் வெட்சி சூடினர். மீட்போர் கரந்தை சூடினர். மதிலை வளைப்போர்க்கு உழிஞை, அதனைக் காப்போர்க்கு நொச்சி என வகுத்தனர். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. கலந்து பொரும் களத்தில் நம்மவன் யார், மாற்றான் யார் என்று நொடியில் அறிதற்கு இப்பூக்கள் உதவின. அதனோடு அவற்றின் பணி முடிந்துவிடவில்லை. ஒருவன் சூடிய பூ அவன் குடியின் மானத்தையும் சுமந்து நின்றது.

இக்காலத்தில் கால்பந்துக் கழகங்கள் அணியும் வண்ணச் சட்டையும் அத்தகையதே. அந்நிறம் எங்ஙனம் பிறக்கிறது? யாரால் வளர்கிறது? யாருக்கு உரியது? இவ்வினாக்களுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை உண்டு.

நாம் வாழும் மும்பையிலிருந்தே தொடங்குவோம். புகழ்பெற்ற ரோவர்ஸ் கோப்பைப் போட்டி இந்நகரில் 1891-ஆம் ஆண்டு தொடங்கிற்று. நெடுங்காலம் வெள்ளையர் படைப்பிரிவுகளே அதனை வென்றுவந்தன. 1937-இல் பெங்களூர் முஸ்லிம் அணி அக்கோப்பையை வென்ற முதல் இந்திய அணியாயிற்று. பின்னாளில் கூப்பரேஜ் திடலில் புகழ் நாட்டிய இந்நகரத்து அணிகள் பலவும் டாட்டா, மபத்லால், கால்டெக்ஸ், மகிந்திரா எனத் தொழில் நிறுவனங்களின் பெயரையே தாங்கியிருந்தன. ஆட்டக்காரர்க்கு அவை வேலையும் ஊதியமும் அளித்தன; ஏழை இளைஞர் பலர் அதனால் வாழ்வு பெற்றனர். 1958-இல் கால்டெக்ஸ் அணி ரோவர்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. மகிந்திரா யுனைடெட் 2005-06-ஆம் ஆண்டின் தேசியக் கால்பந்து லீக் பட்டத்தை வென்றது. எனினும் 2010-இல் நிறுவனத்தார் அவ்வணியைக் கலைத்தபோது, அதன் சட்டையும் பெட்டிக்குள் அடங்கிற்று. நிறுவனம் தந்த நிறம் நிறுவனத்தோடு மறைந்தது.

கல்கத்தாவின் கதையோ வேறு. 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தோன்றிய மோகன் பகான் கழகத்தின் நிறங்கள் பச்சையும் அரக்கும். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் அக்கழகம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வீழ்த்தியது. பதினொருவருள் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். எதிரணியினரோ பூட்சு அணிந்த படைவீரர்கள். அடிமைப்பட்டிருந்த நாடு அவ்வெற்றியைத் தன் வெற்றியாகவே கொண்டாடியது. அன்றுமுதல் பச்சையும் அரக்கும் ஒரு கழகத்தின் நிறம் என்னும் அளவைக் கடந்துவிட்டன.

ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் பிறந்தது. ஜோராபகான் என்னும் அணி, கீழை வங்கத்தவரான சைலேஷ் போஸ் என்பாரை ஓர் ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டமையே அதற்கு உடனடிக் காரணம். அதைப் பொறாத சுரேஷ் சந்திர சௌதுரி விலகி வந்து புதுக்கழகம் கண்டார். சட்டைக்கு நிறம் தேடியோர், சௌரங்கியில் இருந்த வொயிட்டவே லெய்ட்லா என்னும் பெருங்கடையில் தொங்கிய சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த சட்டையைக் கண்டு மயங்கி அதனையே வாங்கினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இத்தாலியின் ஜுவெண்டஸ் கழகம் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பெற்றதும் ஏறக்குறைய இவ்வாறே. முன்னர் இளஞ்சிவப்பு அணிந்த அக்கழகத்திற்கு, 1903-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து நாட்ஸ் கவுண்டி அணியின் சட்டைகள் வந்து சேர்ந்தன.

கடையில் வாங்கிய நிறம் குருதியில் கலந்தது எப்போது? 1947-இல் நாடு பிளவுண்டது. வீட்டையும் வயலையும் ஆற்றையும் இழந்து இலட்சக்கணக்கானோர் கீழை வங்கத்தினின்றும் கல்கத்தாவுக்கு வந்தனர். அவர்களுக்கு எஞ்சியவை பேச்சும், இலிசா மீன் குழம்பும், இந்தச் சிவப்புப் பொன்மஞ்சளும்தாம். மாநகரத்தில் தம்மை ஏளனமாக நோக்கியோர் முன் தலைநிமிர அவர்களுக்கு இருந்த இடம் கால்பந்துத் திடல்.

இவ்விடத்தில் தமிழர் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவ்வேதிலிகளின் நெஞ்சைக் குளிர்வித்த ஆட்டக்காரர் வங்காளியர் மட்டுமல்லர். அகமது கான், அப்பாராவ், சாலே, வெங்கடேஷ், தன்ராஜ் ஆகிய ஐவரும் தென்னாட்டினர். பஞ்ச பாண்டவர் எனப் போற்றப்பெற்ற அவர்கள் காலத்தில், 1949-இல், ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், நம் மும்பையின் ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றது. அவர்தம் பிறந்த மண் வேறு; தாங்கிய நிறம் வேறு; இரண்டிற்கும் இழுக்கு நேரவில்லை.

ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வெல்லிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு மையத்தின் அணிக்காக 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பை வென்ற இந்த இலக்குக் காவலர், பின்னர் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு கழகங்களுக்கும், கறுப்பு வெள்ளை அணியும் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்திற்கும் ஆடினார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் பொற்பதக்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

இம்மூன்று நிறங்களின் வலிமைக்கு ஒரு சான்று கூறுவேன். 1958-இல் கிழக்கு இரயில்வே அணி கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. இரயில்வே ஊழியர் யாவரும் நினைந்து மகிழத்தக்க வெற்றி அது. அதன்பின் 2019-இல் பியர்லெஸ் அணி வெல்லும்வரை, அறுபதாண்டுக் காலம் இம்மூவர் அன்றி வேறெவரும் அப்பட்டத்தைத் தொடவில்லை.

மக்கள் அன்பு உள்ள இடத்தை வணிகம் விரைவில் நாடிவரும். 1974-இல் இங்கிலாந்து தேசிய அணி அட்மிரல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆட்டக்காரர் அணிவதைப் போன்ற சட்டைகள் சிறுவர்க்கு விற்கப்பட்டன. ஆண்டுதோறும் கோடு மாறும், கழுத்துப்பட்டை மாறும். மாறினால்தான் பழையது பழையதாகும், புதியது விலைபோகும். 1998-இல் மதுபானத் தொழிலில் ஈடுபட்ட யு.பி. குழுமம் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஒருங்கே புரவலராயிற்று. பரம்பரைப் பகைவர் இருவரின் பெயர்களுக்கு முன்னும் ஒரே முதலாளியின் இரு சரக்குகளின் பெயர்கள் ஏறின!

சட்டையில் பெயர் சேர்ப்பதைப் பொறுத்தவர், நிறத்தைத் தொட்டால் பொறார். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சிட்டியின் தொன்மை நிறம் நீலம். மலேசிய முதலாளி ஒருவர் 2012-இல் அதனைச் சிவப்பாக்கினார். மன்றத்தார் ஓயாது எதிர்த்தனர். 2015 சனவரியில் நீலம் மீண்டது. 2020-இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு ஏ.டி.கே. அணியுடன் இணைக்கப்பட்டபோது, பச்சையும் அரக்கும் காக்கப்பட்டன. பெயருக்கு முன் ஏ.டி.கே. ஒட்டிக்கொண்டது. அதனை நீக்கக் கோரி அன்பர்கள் ஆண்டுக்கணக்கில் முழங்கினர். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற இரவிலேயே அம்மூன்றெழுத்து அகலும் என உரிமையாளர் அறிவித்தார். பணம் கொடுத்துப் பங்குகளை வாங்கலாம். பற்றை வாங்க இயலாது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் விளக்கும்.

நிறப்பற்று வெறியாவதும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஈடன் தோட்டத் திடலில் இவ்விரு கழகங்களும் மோதியபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் காணச் சென்ற மக்கள் வீடு திரும்பவில்லை. எந்நிறமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

அதே கல்கத்தா 2024 ஆகஸ்டு 18-ஆம் நாள் மற்றொரு காட்சியையும் கண்டது. அரசு மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்ட துயரத்தால் நகரமே கொதித்திருந்த வேளை. அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லாதபோதும் பச்சை அரக்கினரும் சிவப்புப் பொன்மஞ்சளினரும் தத்தம் சட்டைகளுடன் திடலின் முன் திரண்டனர். கறுப்பு வெள்ளையினரும் உடன் நின்றனர். நீதி வேண்டி ஒரு குரலாய் முழங்கினர். எவரும் தம் நிறத்தைக் களையவில்லை. எவரும் பிறர் நிறத்தைப் பழிக்கவுமில்லை.

புறத்திணையில் தும்பை என்றொரு பூ உண்டு. எதிரெதிர் நின்று பொரும் இரு சாராரும் அதனையே சூடுவர். பிழைப்பு நாடி வந்த ஊரில் தமிழ்ச்சங்கம் அமைத்து, மராத்தியரோடும் குஜராத்தியரோடும் சிந்தியரோடும் ஒரே இரயில் பெட்டியில் நின்று பயணம் செய்யும் முலுண்ட் தமிழர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் நிறத்தை நாம் காப்போம். அண்டை வீட்டார் நிறத்தையும் மதிப்போம்.