கப்பற் புகையும் காபனீரொட்சைட்டும்: ஒரு வரலாற்று நோக்கு

பனிச்சை மரத்தையும் கேணியையும் தன் பெயரிலே தாங்கிய பனிச்சங்கேணி, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் கரையோரப் பாதையில், வாகரைக்கு அண்மையில், களப்பு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த சிற்றூராகும். பனிச்சங்காய்ச் சாற்றில் வலையைத் தோய்த்து உறுதியேற்றுதல் கரையோர மக்களின் பழைய வழக்கம். அவ்வழக்கு நிலவிய காலத்துத் தோணிகளும் பாய்க்கப்பல்களும் காற்றாலும் துடுப்பாலும் இயங்கின. அவற்றாற் கடல்வெளியிற் புகை எழுந்ததில்லை. இன்றோ, இத்தகைய தாழ்ந்த கரைகளை நெருக்கும் கடல்மட்ட உயர்வுக்குத் தொலைக்கடலிற் செல்லும் கப்பல்களின் புகையும் ஒரு காரணமாயிற்று. அப்புகையிலுள்ள காபனீரொட்சைட்டைக் கப்பலிலேயே பிடித்து அடக்கும் முயற்சியின் வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். வாயுவைப் பிடித்தல் பழைய வித்தை. அதற்கு இடங் காண்டலே புதிய இடர்ப்பாடு.

1869 இற் சூயெசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் நீராவிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்திற் பெருகின. கொழும்பு அவற்றுக்கு நிலக்கரி வழங்கும் துறையாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் நிலக்கரியின் இடத்தை எண்ணெயும் டீசல் இயந்திரமும் கவர்ந்தன. வளியிற் காபனீரொட்சைட்டு மிகுமாயின் பூமி வெப்பமடையும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியசு 1896 இலேயே கணித்துக் காட்டினார். எனினும் அக்கணிப்பைக் கப்பற்றொழில் பொருட்படுத்த ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2018 ஆம் ஆண்டிற் கப்பல்கள் வெளியிட்ட காபனீரொட்சைட்டு 100 கோடி தொன்னுக்கு மேற்பட்டது. அஃது உலகின் மொத்த வெளியீட்டில் ஏறத்தாழ 3 சதவீதமாகும்.

வாயுவைப் பிடிக்கும் அறிவு இதனினும் முந்தியது. 1750 களில் இசுக்கொத்துலாந்து அறிஞர் யோசேப்பு பிளாக், சுண்ணாம்பு நீர் இவ்வாயுவை ஏற்றுப் பாலென வெளுப்பதை ஆராய்ந்து விளக்கினார். சிப்பியைச் சூளையிற் சுடும்போது வெளியேறும் வாயுவும், சுவரிற் பூசிய சுண்ணாம்பு இறுகும்போது வளியிலிருந்து மீளப் பெறும் வாயுவும் இதுவே. 1930 இல் அமெரிக்கரான பொட்டம்சு என்பார் அமைன் கரைசல்களைக் கையாளும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். குளிர்ந்த அமைன் வாயுவைப் பற்றும். ஏறத்தாழ 120 பாகை சதமவளவிற்குச் சூடேற்றினால் விட்டுவிடும். பின்னர் அதே கரைசலை மீண்டும் பயன்படுத்தலாம். பற்றுதலும் விடுதலுமாகிய இச்சுழற்சியே இன்றுவரை இத்துறையின் அடிப்படை.

கடற்கலத்தில் இம்முறை முதலில் இடம்பெற்றது நீர்மூழ்கியிலேயாம். 1954 இல் நோட்டிலசு சேவையிற் சேர்ந்ததன் பின்னர் பெருகிய அணுசக்தி நீர்மூழ்கிகளில், மாலுமிகளின் மூச்சுக்காற்றைத் தூய்மையாக்க எதனோலமைன் கருவிகள் வழக்கிலாயின. ஆயினும் மூச்சும் இயந்திரப் புகையும் ஒப்பிடத்தக்கனவல்ல. நூறு பேர் ஒரு நாளில் வெளிவிடுவது ஏறத்தாழ 100 கிலோகிராம். நாளொன்றுக்கு 30 தொன் எண்ணெய் எரிக்கும் கப்பல் வெளிவிடுவதோ 90 தொன்னுக்கு மேற்பட்டது.

நிலத்தில் இம்முறை பெற்ற வெற்றிக்குத் தமிழகத்தின் தூத்துக்குடி தக்க சான்றாகும். கரக்பூர்த் தொழினுட்பக் கழகத்திற் பயின்ற இளைஞர் இருவர் 2009 இல் நிறுவிய நிறுவனத்தின் கரைசலைக் கொண்டு, அங்குள்ள இரசாயனத் தொழிற்சாலையொன்றின் நிலக்கரிக் கொதிகலப் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 தொன் வாயுவைப் பிடிக்கும் ஆலை 2016 இல் இயங்கத் தொடங்கியது. பிடித்த வாயு அங்கேயே சலவைச்சோடா ஆக்கப் பயன்பட்டது. அரசின் மானியமின்றி அவ்வாலை எழுந்ததற்கு, வாயுவை வேண்டுவோர் அடுத்த வாயிலிலேயே இருந்தமை முக்கிய காரணமாகும்.

கப்பலுக்கு அவ்வசதிகள் இல. டீசற் புகையிற் காபனீரொட்சைட்டு 4 முதல் 6 சதவீதமளவே உண்டு. கொதிகலப் புகையில் அதனினும் இருமடங்குக்கு மேலுண்டு. உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து கரைசல் சீராக வழிந்திறங்குதல் வேண்டும். அலையிற் கப்பல் சாயுந்தோறும் அது ஒருபுறமே ஒதுங்கும். இதற்கு வழி காட்டத்தக்கது, பிரித்தானியப் பொறியியலாளர் கொலின் இராம்சா 1970 களின் இறுதியில் வகுத்த சுழற்படுகை. வேகமாகச் சுழலும் வளையத்தின் நடுவிலே கரைசலை விட, விசை அதனை மென்படலமாக வெளிநோக்கி வீசும். புகை எதிர்த்திசையிற் புகும். புவியீர்ப்பின் பலமடங்கு விசை தொழிற்படுவதால் நெடிய கோபுரத்தின் வேலையைச் சிறிய உருளை செய்யவியலும். கப்பலின் ஆட்டமும் அதனை அதிகம் பாதியாது.

கப்பலிற் செயன்முறைச் சோதனை 2021 இல் நிகழ்ந்தது. யப்பானின் கொரோனா யூற்றிலிற்றி என்னும் நிலக்கரிக் கப்பலில் ஒரு சிறு மாதிரி ஆலை நிறுவப்பட்டு, 99.9 சதவீதத்துக்கு மேற்பட்ட தூய வாயு பெறப்பட்டது. 2023 இல் அனைத்துலகக் கடல்சார் அமைப்பு, 2050 அளவில் கப்பற் புகையின் நிகர வெளியீட்டைப் பூச்சியமாக்கும் குறிக்கோளை ஏற்றது. 2025 இல் நோர்வே நிறுவனமொன்றின் கிளிப்பர் எரிசு என்னும் கப்பல், 70 சதவீதம் வரை பிடிக்கும் வகையில் அமைந்த முழு அளவுக் கருவியுடன் கடலிற் சென்றது.

எனினும் கருவி சுருங்கினாலும் சுமை சுருங்குவதில்லை. ஒரு தொன் எண்ணெய் எரிந்தால் வளியின் ஒட்சிசனும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று தொன் காபனீரொட்சைட்டு உண்டாகும். வழக்கமாகப் பயணத்தில் எண்ணெய் குறையக் குறைய இலேசாகும் கப்பல், வாயுவைப் பிடிக்கத் தொடங்கின் துறை சேருமுன் கனத்துவிடும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்குக் குறைந்தால் அவ்வாயு திரவமாக நில்லாது. ஆதலாற் குளிரூட்டிய அழுத்தத் தாங்கிகளும் வேண்டும். அமைனைச் சூடேற்றவும் வாயுவை அமுக்கவும் செலவாகும் ஆற்றலுக்கு மேலும் எண்ணெய் எரிக்க நேரிடும்.

இறுதியாக, இறக்கிவைக்கத் துறை வேண்டும். 2025 இற் சாங்காயில் ஒரு கொள்கலன் கப்பல் பிடித்த திரவ வாயு இன்னொரு கப்பலுக்கு மாற்றப்பட்டமை இவ்வகையில் ஒரு தொடக்கமாகும். மாற்றப்பட்ட வாயு எங்கே சென்றடைகின்றது என்பதும் வினாவாம். சலவைச்சோடாவாக ஆனதும் கண்ணாடி உலையில் உருகும்போது வாயுவை மீள விடும்; நிலத்தடிப் பாறையிற் புதைத்ததே நெடுங்காலம் நிலைக்கும். பெற்றுக்கொள்ளும் துறையும் புதைக்கும் பாறையும் இன்றிக் கப்பலிற் கருவி மட்டும் பூட்டுதல், வாய்க்கால் வெட்டாது அணை கட்டுதலை ஒக்கும்.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை வாகரைக் கரையைத் தாக்கியபோது கடலுக்கும் குடிமனைக்கும் இடையேயுள்ள உயரம் எத்துணைச் சிறிதென்பது வெளிப்பட்டது. அப்பேரலை நிலநடுக்கத்தின் விளைவு. கடல்மட்ட உயர்வோ மனிதன் எரித்த எரிபொருளின் விளைவு. முன்னையதைத் தடுத்தல் இயலாது. பின்னையதைக் குறைத்தல் இயலும். பனிச்சங்கேணி மீனவன் அப்புகையின் பயனைச் சிறிதே நுகர்ந்தவன். அதன் சுமையை முன்னின்று தாங்குபவன். எனவே கப்பற் கருவியின் வெற்றியைப் பிடித்த வாயுவின் தூய்மையைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அவ்வாயு மீண்டும் வானேறாது நின்றதா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.