நெல் வளர்த்த அரசுகள்

பயிர்கள் பலவாயினும், அரசை ஆக்கும் ஆற்றல் தானியத்துக்கே சிறப்பாக வாய்த்தது. ஒரே பருவத்தில் கதிர் முற்றுவதும், மரக்காலால் அளக்க இயல்வதும், களஞ்சியத்தில் நெடுநாள் கெடாதிருப்பதும் அதன் இயல்புகள். அளக்கத்தக்க பொருளின்மீதன்றோ வரி விதிக்க இயலும்? சுமேரியாவில் வாற்கோதுமை இவ்வாறே கோயிலையும் படையையும் தாங்கிற்று. அந்நாட்டின் மிகப் பழைய களிமண் ஏடுகளுட் பல காவியங்கள் அல்ல; தானியக் கணக்குகளே.

நம் காவிரிச் சமவெளியிலும் அஃதே நிகழ்ந்தது. முதலாம் இராசராசன் (985–1014) நிலத்தை நுண்ணிய பின்னங்கள்வரை அளப்பித்தான். ஊர்கள் செலுத்தவேண்டிய நெல்லைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் கலக் கணக்கில் கூறுகின்றன.

மலையின் வழி வேறு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியபோது, உழவர் உழாமலே மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்னும் நான்கும் அங்கு விளையும் என்று கபிலர் கூறியதைப் புறநானூற்றில் காண்கிறோம். மண்ணுள் மறைந்த கிழங்கை எந்த அதிகாரி அளப்பான்? அத்தகைய உணவு பேரரசை எழுப்பவில்லை. ஆயினும் பிறர்க்குப் பணியாத வாழ்வைத் தந்தது.

நாம் வாழும் எல்லைப் பகுதியிலும் இவ்விரு வழிகளையும் காணலாம். பாலக்காட்டுச் சமவெளி நெல்லின் நாடு. அதன் வயல்களுக்காகச் சென்னை மாநில அரசு கட்டிய மலம்புழை அணை 1955இல் முடிந்தது. மறு ஆண்டே அவ்வட்டாரம் கேரளத்தோடு சேர்ந்தது. இடுக்கி மலைகளிலோ முதுவர் முதலியோர் கேழ்வரகு விளைவித்து வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. தேயிலை விலை தரும், வயிற்றை நிரப்பாது. உழைக்க வந்த நம் முன்னோர்க்குச் சமவெளியிலிருந்து அரிசி மலையேறி வரவேண்டியதாயிற்று. தோட்டங்கள் பலவற்றில் அரிசியை நிருவாகமே அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் பிடித்தது. களஞ்சியத்தின் திறவுகோல் எவர் கையிலோ, ஆட்சியும் அவர் கையிலே என்னும் பழைய விதி லயங்களிலும் நடந்தது.

1895இல் முடிந்த பெரியாற்றணை, இம்மலை நீரைக் கிழக்கே திருப்பிக் கம்பம் பள்ளத்தாக்கை நெல் வயலாக்கிற்று. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தின் பகுதிகளாயின. எல்லைக்கோடு விழுந்தபின்னும் நீர் கிழக்கே இறங்குகிறது.

அன்பர்களே! நம் பாட்டன்மாரின் பற்றுச்சீட்டுகள் பழைய பெட்டிகளில் இருப்பின், குப்பையென எறிந்துவிடாதீர். சுமேரியர் ஏடுகளைப்போல் அவையும் வரலாறே. எவர் உழைத்தார், எவர் அளந்தார் என்பதை அவை வருங்காலத்துக்கு உரைக்கும்.