மலையாளத் திரைக்கு வித்திட்ட தமிழர்

ஒரு நாட்டின் கலை வரலாற்றை ஆராயுங்கால், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் உழைப்பு அதில் கலந்திருப்பதைக் காணலாம். தென்னமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினா இதற்கு நல்ல சான்று. 1917ஆம் ஆண்டில் உலகின் முதல் முழுநீளச் சித்திரப் படத்தை அங்கே உருவாக்கிய குயிரினோ கிறிஸ்தியானி இத்தாலியில் பிறந்தவர். அப்படத்துக்குப் பொருள் உதவிய பெதெரிகோ வாலேயும் இத்தாலியரே. ஆயினும் அந்நாட்டார் அவர்களை அயலாராகத் தள்ளிவிடவில்லை.

நாம் வாழும் இக்கேரள மண்ணிலும் அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. அதனை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

தென்னகத்தில் சலனப் படத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களில் முன்னோடி, திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட். 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, உத்தியோகத்தைத் துறந்து, கூடாரமடித்துப் படம் காட்டினார். பின்னர், 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் கொட்டகையை நிறுவினார். நிலையான சம்பளத்தின் அருமையை அறிந்த ரயில்வே எழுத்தனாகிய எனக்கு, அவரது துணிவு வியப்பையே தருகின்றது.

மலையாளத்தின் முதல் மௌனப் படமாகிய ‘விகதகுமாரன்’ ஜே. சி. டேனியல் அவர்களின் படைப்பு. கன்னியாகுமரியை அடுத்த அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த தமிழர் அவர். தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ அமைத்து, கதை, இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு யாவற்றையும் தாமே ஏற்றார். படம் வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகக் கூறுவர். அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்த பி. கே. ரோசி தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அதைப் பொறாத மேல்சாதியார் கல்லெறிந்தனர். அம்மாது ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. டேனியலும் கைப்பொருள் அனைத்தையும் இழந்து, பல் மருத்துவம் செய்து பிழைத்தார்.

அவருடைய உறவினரான நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ 1933இல் வெளிவந்தது. நாவலின் பதிப்புரிமை வழக்கினால் அதுவும் சில நாட்களிலேயே நின்றது. ஆயினும் அதன் பிரதி புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. ‘விகதகுமாரனு’க்கோ பிரதியே மிஞ்சவில்லை.

1938இல் வெளியான முதல் மலையாளப் பேசும் படம் ‘பாலன்’. அதனைத் தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம். 1961இல் வந்த முதல் மலையாள வண்ணப் படமாகிய ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் அவருடையதே. திருவனந்தபுரத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோவை நிறுவிய பி. சுப்பிரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டின் பக்கம் சேர்ந்தது. முதுமையில் வறுமையுற்ற டேனியல், தாம் கலை வளர்த்த மாநிலத்துக்கு அயலாரானார். பிறந்த மண்ணும் அவரை அறிந்து போற்றவில்லை. 1975இல் அவர் மறைந்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் மலையாளப் பத்திரிகையாளர் இடைவிடாது எழுதிய பின்னரே அவருடைய பெருமை நிலைநாட்டப்பட்டது. 1992 முதல் கேரள அரசு தன் உயரிய திரைப்பட விருதை அவர் பெயராலேயே வழங்கி வருகின்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. எல்லைக்கோடு மாறினும், உழைத்தவன் உழைப்பு உழைத்த மண்ணுக்கே உரியது. அவ்வுழைப்பும் எவரேனும் எழுதி வைத்தாலன்றி நிலைப்பதில்லை. டேனியலின் பெயரைக் காத்தவர் ஒரு மலையாளி என்பதை நன்றியுடன் நினைவோமாக. திருப்பூணித்துறையிலும் மட்டாஞ்சேரியிலும் தலைமுறைகளாக உழைத்த நம் பெரியோர்களின் வரலாற்றையாவது நாமே எழுதி வைப்போம். அவர்கள் கூறுவதைக் கேட்டு ஏட்டில் குறித்து வைக்கும் பணியை, நமது சங்கம் இந்த ஆண்டு விழாவிலிருந்தே தொடங்குமாக.