எக்டைசோன்

கொல்கத்தாவில் எங்கள் வீட்டு எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம்போல ஒட்டிக்கிடந்த புழு, இன்று காலை பழைய தோலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பச்சைப்பசேலென்று வெளியே வந்தது. “கோலோஷ் விடுகிறது” என்றார் பக்கத்து வீட்டு மாஷிமா. பாம்புச் சட்டைக்கும் வங்காளத்தில் அதே சொல்தான். அந்தத் தோலை உரிக்க வைப்பது எக்டைசோன் என்ற ஸ்டீராய்டு. மூளை தூண்ட, முன்மார்புச் சுரப்பி அதைச் சுரக்கிறது. அதன் மூலப்பொருளான கொலஸ்டிராலைத் தானே உண்டாக்கப் பூச்சியால் ஆகாது. அதற்கு இலையைத்தான் நம்ப வேண்டும். 1954இல் பூட்டெனான்ட், கார்ல்சன் என்ற விஞ்ஞானிகள் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்த எக்டைசோன் வெறும் 25 மில்லிகிராம்! இதைப் போய் ‘ஊக்கமருந்து’ என்று ஒரு கட்டுரையில் படித்தபோது மனம் பொறுக்கவில்லை. ஊக்கமருந்து வெளியிலிருந்து ஏற்றுவது. இது உள்ளே ஊறுவது. எக்டைசோன் என்ற பெயருக்கு வேரான ‘எக்டிசிஸ்’ என்றால் கிரேக்கத்தில் ஆடை களைதல். நாமும் பாம்பு ‘சட்டை’ உரித்தது என்றுதானே சொல்கிறோம்? பொருநராற்றுப்படை மெல்லிய துணிக்குப் பாம்பின் உரியை உவமை சொல்கிறது. மரவுரி, புலியுரி என உரித்தெடுத்த தோலே உடையாகவும் ஆனது. இன்று ‘தோலுரித்துக் காட்டினார்’ என்றால் அம்பலப்படுத்தினார் என்று பொருள். வளர்ச்சியைக் குறித்த சொல்லில் வசை ஏறிவிட்டது. எக்டைசோனுக்குத் தமிழில் ‘தோலுரிப்பு இயக்குநீர்’ என்ற பெயர் சரிதான், ஆனால் நீளம். எனக்குப் பிடித்தது ‘உரிநீர்’. புழு இப்போது தன் பழைய சட்டையையே தின்றுகொண்டிருக்கிறது.