கசிந்த வாயு கற்றுத் தந்த பாடம்

சென்னையில் 1944இல் பிறந்தவர் வீரபத்ரன் இராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965இல் பொறியியல் பட்டம் பெற்றார். கிடைத்த வேலையோ செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில். பெட்டிகளிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயர் வாங்கித் தரும் வேலையா இது? ஆனாலும் அந்த அனுபவம் பின்னாளில் கைகொடுத்தது.

அந்த நாளில் அந்த வாயுவை யாரும் சந்தேகிக்கவில்லை. அதற்கு முன்பு குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. 1930களில் சந்தைக்கு வந்த சிஎஃப்சி எரியாது, நச்சும் கிடையாது. நல்ல பிள்ளை என்று வீட்டுக்குள் விட்டார்கள்.

1974இல் மொலினா, ரோலண்ட் எனும் இரு விஞ்ஞானிகள், அது மேலே சென்று ஓசோன் படலத்தை அரிக்கும் என்றார்கள். அமெரிக்காவில் ஆய்வாளராக இருந்த இராமநாதன் 1975இல் இன்னொரு உண்மையைச் சொன்னார். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் ஒரு டன் சிஎஃப்சி, சுமார் 10,000 டன் கரியமில வாயுவுக்குச் சமம்!

1987இல் மொண்ட்ரியல் ஒப்பந்தம் பிறந்தது. மலேசியா 1989இல் அதில் இணைந்தது. 2010இல் சிஎஃப்சிக்கு விடை கொடுத்தது. இதற்கிடையே 2009இல் நம் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் பசுமைக் கட்டடக் குறியீட்டைக் கொண்டு வந்தார்கள். நூற்றுக்கு 50 புள்ளி பெற்றால் சான்றிதழ், 86 பெற்றால் பிளாட்டினம். எந்தக் குளிரூட்டி வாயு பயன்படுகிறது என்பதற்கும் அதில் புள்ளி உண்டு.

பிரச்சினை தீர்ந்ததா? பல ஏர்கோன்களில் இன்றும் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஓசோனைக் கெடுக்காது. ஆனால், ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2 டன் கரியமில வாயுவை வெளியே விட்டதற்குச் சமம். இவ்வகை வாயுக்களைக் குறைக்கத்தான் 2016இல் கிகாலி திருத்தம் வந்தது.

ஜார்ஜ்டவுன் மாடிக் கட்டடமானாலும் நிபோங் திபால் கடைவீடானாலும் கசிவு ஒன்றுதான். காலி என்று ஒதுக்கிய வாயுத் தோம்பில்கூட மிச்சம் இருக்கும். அப்படியே பழைய இரும்புக்குப் போட்டால் அது வானுக்குப் போகும். இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்தால் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தலாம், தோம்பையும் உருக்கலாம்.

ஏர்கோன் பழுதுபார்க்க வருபவரிடம், “பழைய வாயுவை என்ன செய்வீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சான்றிதழ் இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாமே!