வராதவர்களின் கணக்கு

தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. ஓமனிலிருந்து காஞ்சிபுரம் திரும்பிய ஒருவருக்கு வந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்று அவர் குணமடைந்தார். மருத்துவமனைக்கு வந்தவரை அரசு எண்ணியது. வர முடியாமல் போனவர்களை யார் எண்ணியது? இந்த நினைவு நாளில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

1918 இன்ஃபுளுயன்சாவின்போது பம்பாய் நகர அதிகாரிகள் சாவைச் சமூகவாரியாகக் கணக்கிட்டார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் சுமார் 8, பார்சிகள் 9, சாதி இந்துக்கள் 19, 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' 61. கிருமி சாதி பார்க்கவில்லை. நெருக்கடியான குடியிருப்பும் அரைவயிற்றுக் கஞ்சியும் எட்டாத மருத்துவமும் பார்த்தன. வெள்ளை அரசு நம் மக்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் அது எழுதி வைத்த எண்ணை இன்றும் யாராலும் மறுக்க முடியவில்லை.

நூறாண்டு கழித்து, தமிழக அரசின் தினசரி கொரோனா அறிக்கையில் மாவட்டம் இருந்தது, வயது இருந்தது, பாலினம் இருந்தது, இணை நோய்கூட இருந்தது. சாதி மட்டும் இல்லை. சாதியைக் கேட்காததைச் சிலர் சமத்துவம் என்றார்கள். நாங்கள் அதை மறைப்பு என்கிறோம்.

ஊரடங்கில் பேருந்து நின்றது, தறி நின்றது, கூலியும் நின்றது. கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்காவது ஓர் அட்டை உண்டு. தார் சுற்றும் பெண்ணுக்கும் கூலித் தறிக்காரருக்கும் தெருக் கூட்டுபவருக்கும் அதுவும் இல்லை. சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்தியவர்களை எங்கள் காலனிகளில் பார்த்தோம். காய்ச்சல் என்று சொன்னால் வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள் என்று பயந்து வாய் திறக்காதவர்களையும் பார்த்தோம். ஏற்கெனவே ஒதுக்கி வைக்கப்பட்ட தெருவுக்கு இன்னொரு ஒதுக்கல் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இது நம் கண்ணில் பட்டது மட்டுமல்ல. நாடு முழுவதும் பதிவான காசநோயாளிகள் 2019இல் சுமார் 24 லட்சம். 2020இல் சுமார் 18 லட்சம். ஒரே ஆண்டில் நோய் அவ்வளவு குறைந்துவிடவில்லை. நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை.

அரசால் முடியாததா? 2019இல் அத்திவரதரைக் காண 48 நாளில் ஒரு கோடிப் பேர் இதே காஞ்சிக்கு வந்தபோது மருத்துவ முகாம்கள் மக்கள் நின்ற இடத்துக்கே வந்தன. அடுத்த ஏழு மாதத்தில் வந்த ஊரடங்கில் அந்த அக்கறை காலனிக்கு வழி கண்டுபிடிக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. வரவேற்கிறோம். மக்களால் வர முடியவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகவும் அதைக் கொள்கிறோம்.

மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் 2020, 2021இல் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போங்கள். எந்த நோய், கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார், ஏன் போகவில்லை என்று கேட்டு எழுதுங்கள். அரசு விட்ட கட்டத்தை நாம் நிரப்புவோம். அடுத்த கொள்ளைநோய் வரும்போது நம் கையில் எண் இருக்கட்டும்.